இடது பக்கத்துப் பெட்டி

பள்ளிக்கூடத்தில் அவருக்கு வைத்த பெயர் யானைக்காது. காது இரண்டும் தலையை விட்டுக் கொஞ்சம் விலகியே நிற்கும் என்பதால், பெயர் வைக்க வகுப்புப் பையன்கள் அதிகம் சிரமப்படவில்லை. வளர வளர யானை கழன்று விழுந்துவிட்டது, காது மட்டும் ஒட்டிக்கொண்டது. பிறகு பார்த்த வேலைகளும் காதை வைத்தே பிழைக்கிற வேலைகளாக அமைந்துவிட, அந்தப் பெயர் கேலியிலிருந்து மரியாதைக்குப் பதவி உயர்வு பெற்றது. இப்போது ஐம்பது தாண்டிய வயதில், ஸ்பீக்கர் செய்கிற ஒரு சின்ன நிறுவனத்தில், வாசல் காவலாளி முதல் முதலாளியம்மா வரை எல்லோருக்கும் அவர் காது சார்.

அவருடைய முதல் வேலை, ரயில் நிலையங்களுக்கு அறிவிப்புக் குழாய் செய்கிற இடத்தில். வண்டி எந்த நடைமேடைக்கு வருகிறது என்பதைத் தவிர மற்ற எல்லாம் தெளிவாகக் கேட்கிற குழாய்கள் அவை. சத்தம் பெரிதாக இருப்பது வேறு, சொல்வது புரிவது வேறு என்கிற புத்தி அங்கேதான் வந்தது. அந்தப் புத்தியைப் பிடித்துக்கொண்டே நடந்து, கடைசியில் ஸ்டூடியோ மானிட்டர் செய்கிற இந்த இடத்துக்கு வந்து சேர்ந்தார். பாட்டுப் பதிவு செய்கிற அறையில், ஒலிப்பதிவாளரின் மேசை மேல், அவர் முகத்தைப் பார்த்தபடி இரண்டு பெட்டிகள் உட்கார்ந்திருக்குமே, அதற்குப் பெயர்தான் மானிட்டர். வீட்டு ஸ்பீக்கர் முகஸ்துதி செய்யும். சுமாராகப் பாடினாலும் கொஞ்சம் பூசி மெழுகி நன்றாகக் காட்டும். மானிட்டருக்கு அந்த நாகரிகம் கிடையாது. பாடியவர் எச்சில் விழுங்கியிருந்தால் எச்சில் விழுங்கினார் என்று போட்டு உடைத்துவிடும்.

இதைச் சொந்தக்காரர்களுக்குப் புரிய வைப்பதற்குள் அவருக்குத் தாவு தீர்ந்துவிட்டது. ஒருமுறை மைத்துனி ஆசையாகக் கேட்டாளே என்று, அவர் வடிவமைத்த பெட்டியில் ஒரு பாட்டைப் போட்டுக் காட்டினார். முழுப் பாட்டையும் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்:

"என்ன மாமா, இது ஒண்ணுமே பண்ணலையே?"

"அதுதாம்மா அதோட வேலை. ஒண்ணும் பண்ணக் கூடாது."

"இதுக்கா உங்களுக்குச் சம்பளம் குடுக்கறாங்க?"

ஒன்றும் பண்ணாமல் இருப்பதற்கு எவ்வளவு பண்ண வேண்டியிருக்கிறது என்று அவளுக்கு எப்படிச் சொல்வது?

போன வருடம் முதலாளியம்மா ஒரு புது வேலை கொடுத்தார். இப்போதெல்லாம் படுக்கையறையிலேயே பாட்டுப் பதிவு செய்கிறார்கள், அவர்களுக்குத் தகுந்த மாதிரி சின்னதாக ஒரு மானிட்டர் வேண்டும். ஒரு கையால் தூக்கிப் பையில் போட்டுக்கொண்டு போகிற அளவு. ஆனால் பெரிய பெட்டி சொல்கிற உண்மையை இதுவும் சொல்ல வேண்டும். "ஆளுக்கு உயரம் கம்மியா இருந்தா பொய் சொல்லலாம்னு இருக்கா என்ன?" என்று அவர் கேட்டதும் காது சார் பென்சிலை எடுத்தார்.

சின்னப் பெட்டியில் பெரிய சிக்கல் காற்று. அடித்தொண்டைச் சத்தம் வர உள்ளே காற்றுக்கு இடம் வேண்டும், இந்தப் பெட்டியிலோ மூச்சு விடவே இடமில்லை. பின்பக்கம் துளை வைத்துப் பார்த்தார். சுவரோரம் வைத்தவுடன் குடத்துக்குள் தலையை விட்டுக் கத்துவது போல ஆனது. துளையை அடைத்தார். பெட்டியின் இரண்டு பக்கச் சுவர்களிலும் மின்கம்பியே இல்லாத வெறும் கோன்களை, அதாவது ஸ்பீக்கரின் கூம்புத் தாளை மட்டும், பதித்தார். உள்ளே காற்று தள்ளினால் அவை வெளியே தள்ளும். எதிரெதிராகத் தள்ளுவதால் பெட்டி மேசையில் ஆடாமல் நிற்கும். முன்பக்கம் கீழே, கீழ் சத்தத்துக்குக் கைப்பிடி அளவு ஊஃபர், மேலே தட்டையான ஒரு குழிக்குள், மேல் சத்தத்துக்குப் பொத்தான் போல ட்வீட்டர். விளிம்புகளில் பட்டுச் சத்தம் சிதறாமல் இருக்கத் தச்சர் ஓரங்களை உருட்டிக் கொடுத்தார், காது சார் போதும் என்று சொல்கிறவரை திட்டிக்கொண்டே உருட்டினார்.

எந்தச் சத்தம் ஊஃபருக்கு, எது ட்வீட்டருக்கு என்று பிரித்து அனுப்புகிற சின்னப் பலகைக்குக் கிராஸ்ஓவர் என்று பெயர். அதை இந்தப் பெட்டிக்காகப் புதிதாகவே வரைந்தார். வலது பெட்டிக்குத் தானே உட்கார்ந்து கம்பி பற்றவைத்தார். மைக்கை எதிரே நிறுத்தி அளந்து பார்த்தபோது, திரையில் கோடு மேசை விளிம்பு போல நேராகப் போனது. இடது பெட்டியை அதே வரைபடத்தைப் பார்த்து ஈயக்கா முடித்துக் கொடுத்தார். ஈயம் பற்றவைப்பதில் அந்தக் கட்டடத்திலேயே அவரை மிஞ்ச ஆளில்லை, அதனால் ஈயக்கா. காது சாரைவிட வயதில் சின்னவர்தான். ஆனாலும் அவருக்கும் அக்காதான்.

இரண்டையும் மேசையில் வைத்து, முதல் முறையாக ஜோடியாகக் கேட்க உட்கார்ந்தார். எப்போதும் ஒரே ஒரு பதிவைத்தான் போட்டுப் பார்ப்பார்: பக்கவாத்தியம் எதுவும் இல்லாமல் ஒரு பெண் பாடுவது. சரியான ஜோடியாக இருந்தால் அவள் இரண்டு பெட்டிகளுக்கும் நடுவில், ஆளில்லாத இடத்தில் வந்து நிற்பாள். அன்று அவள் நடுவில் நிற்கவில்லை. வலது பக்கம் தெளிவாக இருந்தாள், இடது பக்கம் குரலின் நடுப்பகுதியை யாரோ கரண்டியால் தோண்டி எடுத்தது போல வெறும் கூடாக இருந்தது.

கூட வந்திருந்த முதலாளியம்மா, "நல்லாத்தானே இருக்கு?" என்றார். அவர் கதவோரம் ஃபோனும் கையுமாக இருந்தவர்; அங்கிருந்து கேட்டால் எல்லாம் நல்லாத்தான் இருக்கும். காது சார் தலையை மட்டும் ஆட்டி வைத்தார்.

காது சாருக்கு அப்பா ஞாபகம் வந்தது. அவருடைய அப்பா நெசவாலையில் வேலை பார்த்தவர். இதே வயதில்தான் அப்பாவுக்குக் காது போக ஆரம்பித்தது, அதுவும் இடது காது முதலில். ஒரேயடியாகப் போகவில்லை. குரலின் நடுப்பகுதி மட்டும் முதலில் போயிற்று. பேசுவது கேட்கும், என்ன பேசுகிறார்கள் என்பது பிடிபடாது. கடைசிக் காலத்தில் அப்பா எல்லாவற்றுக்கும் சிரித்து வைத்தார். கேட்காததை மறைக்க அவருக்குத் தெரிந்த ஒரே வழி அது. இப்போது தோண்டப்பட்டிருப்பதும் குரலின் அதே நடுப்பகுதிதான். காது போனால் வேலை போகும் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். காது போன பிறகு காது சார் என்று கூப்பிட்டால் எந்த முகத்தை வைத்துக்கொண்டு திரும்பிப் பார்ப்பது?

கோளாறு பெட்டியிலா காதிலா என்று தெரிந்துகொள்வது அவருக்கு ஒரு வேலையே இல்லை. இரண்டு பெட்டிகளையும் இடம் மாற்றி வைத்தால் போதும். குரலில் விழுந்த குழிவு வலது பக்கம் போனால் பெட்டி, இடது பக்கமே இருந்தால் காது. அதுவும் வேண்டாம் என்றால் இடது பெட்டிக்கு எதிரே மைக்கை நிறுத்தி அளந்து பார்க்கலாம். வேறு யாராவது இதைச் செய்யாமல் உட்கார்ந்திருந்தால் காது சாரே பிடித்துக் காய்ச்சி எடுத்திருப்பார். ஆனால் அவர் இரண்டையும் செய்யவில்லை. செய்தால் தெரிந்துவிடுமே!

அதனால் அறையோடு சண்டைக்குப் போனார். இடது பக்கம் இருந்த இரும்பு அலமாரிதான் சத்தத்தைத் தின்கிறது என்று அதை வெளியே தள்ளச் சொன்னார். பிறகு திரைச்சீலை மேல் சந்தேகம், அதைக் கழற்றினார். பிறகு நாற்காலி. நாற்காலியின் முதுகு உயரமாக இருக்கிறது என்று முக்காலி கொண்டுவரச் சொல்லி, அதில் உட்கார்ந்து இடுப்பு பிடித்துக்கொண்டது. குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு, இரண்டு காதுக்குப் பக்கத்திலும் மாறி மாறி விரலை உரசிப் பார்த்தார். பயந்தவன் காதில் எது சரியாகக் கேட்கும்? பேருந்து போகிற வழியில் ஒரு காது மருத்துவர் இருந்தார். அந்த நிறுத்தத்தில் ஒருநாள் இறங்கி, வாசல் வரை போய், அங்கே வரைந்திருந்த பெரிய காதுப் படத்தைப் பார்த்துவிட்டு அடுத்த பேருந்தில் ஏறி வந்துவிட்டார். வீட்டில் மூச்சு விடவில்லை. அவர் மனைவிக்கு நூலகத்தில் வேலை, வீட்டிலும் நூலகக் குரலில்தான் பேசுவார். அவர் ஏதாவது சொன்னால், நிஜமாகவே காதில் விழவில்லையா அல்லது நாம்தான் கவனிக்கவில்லையா என்று யோசிப்பதிலேயே காது சாருக்குப் பொழுது போனது.

இப்படியே தள்ளிப் போட்டுக்கொண்டு வந்தவருக்கு, ஒருநாள் காலையில் முதலாளியம்மா குண்டைத் தூக்கிப் போட்டார். மதியம் ஒரு ஒலிப்பதிவாளர் வருகிறார், பெரிய கை, அவர் சரி என்றால் இந்தப் பெட்டியைச் செய்ய ஆரம்பிக்கலாம், ஜோடியைத் தயாராக வையுங்கள் என்றார்.

காது சார் பெட்டிகளைக் கேட்டுப் பார்க்கிற அறைக்குப் போனார். தச்சர் அப்போதுதான் கையில் துணியோடு வெளியே வந்துகொண்டிருந்தார். "பளபளன்னு துடைச்சு வச்சிருக்கேன், காது சார். கையை வச்சு அழுக்காக்கிடாதீங்க" என்றார்.

உட்கார்ந்தார். வேறு வழியில்லாமல் அதே பதிவைப் போட்டார். அந்தப் பெண் பாட ஆரம்பித்தாள். இரண்டு வரி போவதற்குள் காது சார் நிமிர்ந்து உட்கார்ந்தார். வலது பக்கம் கூடாகக் கேட்டது. வலது பக்கம்! போச்சு, அந்தக் காதும் போச்சு, அப்பாவுக்காவது ஒவ்வொன்றாகப் போயிற்று, நமக்கு மொத்தமாக என்று நெஞ்சில் கை வைத்தபோதுதான், இடது பக்கத்தில் அவள் முழுசாக, உயிரோடு, மூச்சு இழுப்பது உட்பட அவ்வளவு தெளிவாகப் பாடிக்கொண்டிருந்தது உறைத்தது. இடது காது ராத்திரியோடு ராத்திரியாகக் குணமாகி, அந்த நோய் வலது காதுக்குக் குடிபோகுமா? எந்த மருத்துவத்தில் இருக்கிறது இது?

எழுந்து போய் வலது பக்கப் பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தார். அடியில் பென்சிலால் 'இ' என்று எழுதியிருந்தது. அவர் கையெழுத்துதான். இடது என்பதற்கு இ. தச்சர் துடைத்துவிட்டு மாற்றி வைத்திருக்கிறார்.

அதுவரை தொடப் பயந்த வேலையை இப்போது அவரே செய்தார். இரண்டு பெட்டிகளையும் கையால் தூக்கி மறுபடி இடம் மாற்றி வைத்தார். குழிவு இடது பக்கம் போனது. திரும்ப மாற்றினார். வலது பக்கம் வந்தது. நாய்க்குட்டி மாதிரி அந்தப் பெட்டி போகிற இடத்துக்கெல்லாம் பின்னாலேயே போனது. பெட்டிதான். காது இல்லை. அவர் தரையில் உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரித்துக்கொண்டிருந்தபோதே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அதையும் துடைக்கத் தோன்றவில்லை.

விட்டுப் போன துணியை எடுக்கத் திரும்பி வந்த தச்சர் பதறிப் போனார். "என்ன சார், என்ன ஆச்சு? கீறல் விழுந்திருச்சா?"

"அண்ணே, பெட்டியை மாத்தி வச்சிட்டீங்க."

"ஐயையோ! ரெண்டும் ஒரே மாதிரிதானே இருக்கு? மன்னிச்சுக்குங்க சார்."

"மன்னிப்பா? உங்களைத் தலையில தூக்கி வச்சுக்கிட்டு ஆடணும்ணே."

தச்சர் ஒன்றும் புரியாமல் துணியை எடுத்துக்கொண்டு நகர்ந்தார். காது சாருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று கேண்டீனில் போய்ச் சொன்னதாகப் பிறகு தெரிய வந்தது.

மதியத்துக்குள் சரிசெய்ய வேண்டும். ஈயக்காவைக் கூப்பிட்டு, அவர் முன்னாலேயே இடது பெட்டியின் திருகாணிகளைக் கழற்றினார் காது சார். ட்வீட்டரை வெளியே இழுத்ததுமே தெரிந்துவிட்டது. சிவப்புக் கம்பி சிவப்புப் புள்ளியில் அழகாகப் பற்றவைக்கப்பட்டிருந்தது. ஈயம் மணி மாதிரி மின்னியது.

"அக்கா, வரைபடத்துல இது எப்படி இருந்துச்சு?"

ஈயக்கா தயங்கினார். கழுத்துச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு, கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார். "சார், நான் யார்கிட்டயும் சொல்லல. சத்தியமா சொல்லல. வரைபடத்துல நீங்க சிவப்பைக் கறுப்புல போட்டிருந்தீங்க. ஏதோ நினைப்புல மாத்திப் போட்டுட்டீங்கன்னு தெரிஞ்சுது. இதைப் போய் உங்ககிட்டக் கேட்டா உங்களுக்குச் சங்கடமா இருக்குமேன்னு, நானே சரி பண்ணி விட்டுட்டேன். முதலாளியம்மா காதுக்குப் போகவே இல்லை."

காது சார் அந்தச் சிவப்புப் புள்ளியில் விரலை வைத்தார். அந்த வரைபடத்தில் ட்வீட்டரைத் தலைகீழாகக் கொடுத்தது வேண்டுமென்றேதான். புதுக் கிராஸ்ஓவர் வழியாகப் போகும்போது மேல் சத்தமும் கீழ் சத்தமும் ஒன்றுக்கொன்று எதிராகத் திரும்பிவிடும். ஊஃபர் முன்னால் தள்ளும்போது ட்வீட்டர் பின்னால் இழுக்கும். இரண்டும் சந்திக்கிற இடத்தில் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு சத்தமே இல்லாமல் போய்விடும். மனிதக் குரலுக்கு உயிர் இருக்கிற இடம் அது. அதனால்தான் ட்வீட்டருக்கு மட்டும் கம்பியை மாற்றிக் கொடுப்பது. பழைய பெட்டிகளில் வேறு மாதிரிப் பலகை, சிவப்புக்குச் சிவப்புதான். இத்தனை வருடமாக அதையே பற்றவைத்த கைக்கு, இது பார்த்த உடனே பிழை என்றுதான் படும். அந்தப் பிழையையும் பெரிய மனதோடு மூடி மறைத்து, காது சாரின் மானத்தைக் காப்பாற்றியதாக நினைத்துக்கொண்டு இத்தனை நாளும் நிம்மதியாக இருந்திருக்கிறார் இந்த அம்மாள்!

காது சார் விளக்கிச் சொல்லச் சொல்ல ஈயக்காவின் முகம் வெளுத்துப் போனது. "அப்போ நான்தான் கெடுத்துட்டேனா? ஐயோ, வேலை போயிடுமா சார்?"

"வேலையா? அக்கா, நீங்க எனக்குப் பண்ணினது எவ்வளவு பெரிய நல்லதுன்னு உங்களுக்குத் தெரியாது. இது கம்பின்னு தெரிஞ்சதுல எனக்கு உயிர் வந்திருக்கு. இது கம்பியா இல்லாம இருந்திருந்தா..." என்று ஆரம்பித்தவர், அதற்கு மேல் சொல்ல முடியாமல் மூக்கை உறிஞ்சினார். "நான் பக்கத்துல ஒரு வார்த்தை எழுதியிருக்கணும். எழுதாதது என் தப்பு. மாத்திப் போடுங்க, மதியம் ஆள் வர்றாங்க."

தப்புச் செய்ததற்காக ஒருவர் இவ்வளவு மனமுருகி நன்றி சொல்வதை ஈயக்கா அதுவரை பார்த்ததில்லை. சூட்டுக்கோலை எடுத்தவர் நிமிர்ந்து, "சார், உண்மையிலேயே தலைகீழாத்தானே? அப்புறம் மாத்திச் சொல்ல மாட்டீங்களே?" என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டார். காது சார் வரைபடத்தை எடுத்து, அந்தக் கம்பிக்கு நேரே, 'இது பிழை அல்ல, யாரும் இரக்கப்பட வேண்டாம்' என்று எழுதி வைத்தார். பெட்டியை மூடி மைக்கை நிறுத்தியபோது, இரண்டு கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்று படுத்துக்கொண்டன. பதிவைப் போட்டார். அந்தப் பெண் இரண்டு பெட்டிகளுக்கும் நடுவில் வந்து நின்று, அவருக்காகவே பாடுவது போலப் பாடினாள்.

மதியம் வந்த ஒலிப்பதிவாளர் அதிகம் பேசாத மனிதர். தான் சமீபத்தில் முடித்துக் கொடுத்த வேலை ஒன்றைப் போட்டுக் கேட்டார். கேட்கக் கேட்க அவர் முகம் தொங்கிப் போனது. முதலாளியம்மா கவலையோடு காது சாரைப் பார்த்தார்.

"பிடிக்கலையா?" என்று ஒலிப்பதிவாளரிடம் கேட்டார்.

"பெட்டிக்கு என்ன குறைச்சல்? நான் பண்ணின வேலைதான் மோசம். பாடினவர் குரலுக்கு மேல தாளத்தை ஏத்தி வச்சிருக்கேன், இத்தனை நாளா தெரியல" என்றவர், "இதை இப்பவே எடுத்துட்டுப் போகலாமா?" என்று கேட்டார். இதைவிடப் பெரிய பாராட்டு ஒரு மானிட்டருக்குக் கிடையாது. காது சார் பெட்டிகளைத் தானே பையில் வைத்துக் கொடுத்தார்.

அன்று வீட்டுக்குப் போகிற பேருந்தில் பின்னால் ஒரு குழந்தை அழுதது, யாரோ சில்லறைக்குச் சண்டை போட்டார்கள், ஜன்னல் கண்ணாடி கடகடத்தது. காது சாருக்கு எல்லாமே இனிமையாக இருந்தது. காது மருத்துவரின் வாசலில் இருந்த பெரிய காதுப் படத்துக்கு ஜன்னல் வழியாக ஒரு கும்பிடு போட்டார்.

சாப்பிட்டு முடிக்கிறவரை பொறுத்திருந்துவிட்டு, மனைவியிடம் முழுக் கதையையும் கொட்டினார். அப்பாவில் ஆரம்பித்து, அலமாரி, முக்காலி, மருத்துவர் வாசல், தச்சர், ஈயக்கா என்று ஒன்று விடாமல் சொன்னார். எல்லாம் கேட்டு முடித்ததும் மனைவி எழுந்து, தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மேசையைச் சுற்றி வந்து, அவருடைய இடது பக்கம் போட்டு உட்கார்ந்தார்.

"என்ன?" என்றார் காது சார்.

"இதுதானே என் இடம். இந்தப் பக்கத்துல இருந்து பேசினா நீங்க திரும்பறதே இல்லை. அதான் நாற்காலியை அந்தப் பக்கம் மாத்திப் போட்டேன். படுக்கையிலயும் ஃபேன் காத்து ஒத்துக்கலைன்னு சொல்லி இடம் மாறினேனே, கவனிக்கலையா?"

காது சார் கவனிக்கவே இல்லை. ஒரு பெட்டி ஒரு விரற்கடை நகர்ந்தால் கண்டுபிடிக்கிற மனிதர் அவர்.

"தெரிஞ்சும் ஒரு வார்த்தை கேக்கலையே நீ?"

"கேட்டா பயந்துடுவீங்க. நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன். சொல்லலைன்னாலும் என்ன, வலது பக்கம் உக்காந்து பேசிட்டுப் போறேன்." சொல்லி முடித்தவர் திடீரென்று நிமிர்ந்தார். "இருங்க, இருங்க. அப்போ காதுல ஒரு கோளாறும் இல்லை?"

"இல்லை."

"அப்போ இத்தனை நாளா நான் இந்தப் பக்கம் நின்னு சொன்னதெல்லாம் உங்களுக்கு நல்லாவே கேட்டிருக்கு?"

காது சார் மாட்டிக்கொண்டார். மனைவி சாய்ந்து, விலகி நிற்கிற அந்த இடது காதருகே வாயைக் கொண்டுபோய், தாளைப் புரட்டுகிற அளவுகூடச் சத்தம் வராத குரலில் சொன்னார்: "இன்னைக்குப் பாத்திரம் நீங்க கழுவறீங்க."

ஒரு எழுத்து விடாமல் கேட்டது. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"காதுல விழல," என்றார். "இன்னொரு தடவை சொல்லேன்."